காலேஜ் சியர்லீடிங், ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் வேலையை நம்பி இறங்கலாமா?

கேள்வி இதுதான்: டல்லாஸ் பக்கம் இருக்கிற ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு சின்ன வயசுல இருந்து ஜிம்னாஸ்டிக்ஸ், ஹைஸ்கூல்ல சியர் டீம், இப்ப காலேஜ் அப்ளிகேஷன் போடுற நேரத்துல "நான் காலேஜ் கோச் ஆகப்போறேன்"னு உறுதியா நிக்கிறா. வீட்ல அப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேற பேச்சு காதுல விழல. இது நிஜமாவே ஒரு வேலையா, மாச சம்பளம் வருமா, எத்தனை வருஷம் ஓடும்?

நான் டெக்சஸ்ல ஒரு ஜிம்ல டம்ப்ளிங் (தரையில பல்டி அடிக்கிறது) சொல்லிக் கொடுக்கிறேன், அதுக்கு முன்னாடி ஒரு யுனிவர்சிட்டி சியர் டீம்ல அசிஸ்டெண்ட் கோச்சா இருந்தேன், அதனால பதில் கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

வேலைதான், சந்தேகமே வேண்டாம். ஆனா முதல்ல ஒரு விஷயத்தை பிரிச்சுக்கணும். காலேஜ் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச், காலேஜ் சியர் கோச், இந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி மேட்ல நின்னு ஒரே மாதிரி பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் (பின்பக்கமா கை ஊன்றி அடிக்கிற பல்டி) சொல்லிக் கொடுப்பாங்க, வெளியில இருந்து பார்த்தா ஒரே தொழில் மாதிரி தெரியும். ஆனா சம்பளம் எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்து வருதுன்னு பார்த்தீங்கன்னா ரெண்டும் வேற வேற உலகம். ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் அத்லெட்டிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல ஃபுட்பால், பாஸ்கெட்பால் கோச் மாதிரியே ஒரு வார்சிட்டி டீமோட, அதாவது காலேஜோட அதிகாரபூர்வ விளையாட்டு டீமோட கோச். சியர் கோச் அப்படி இல்ல, சில இடத்துல அத்லெட்டிக்ஸ் மார்க்கெட்டிங் கீழ வருவாங்க, சில இடத்துல ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் கீழ, சின்ன காலேஜ்ல பகல் முழுக்க வேற ஆபீஸ் வேலை பார்த்துட்டு சாயந்திரம் டீமை பார்த்துக்கிட்டு வருஷத்துக்கு ஒரு சின்ன தொகை வாங்கிக்கிறவங்களும் நிறைய. உங்க பொண்ணு எந்தப் பக்கம் போகப் போறான்னு தெரியாம மத்த எதையும் முடிவு பண்ண முடியாது.

ஏன் இப்படி ரெண்டா பிரிஞ்சுதுன்னா, ரெண்டும் வளர்ந்த விதமே வேற. சியர்லீடிங் 1898 நவம்பர்ல மினசோட்டா யுனிவர்சிட்டி ஃபுட்பால் மேட்ச்ல ஜானி கேம்ப்பெல்னு ஒரு ஸ்டூடண்ட் கூட்டத்துக்கு முன்னாடி வந்து நின்னு கோஷம் போட வெச்சதுல ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. அப்ப அது முழுக்க ஆம்பளைங்க சமாச்சாரம், பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன ஐசன்ஹோவர், ரீகன் எல்லாம் காலேஜ்ல சியர்லீடரா இருந்தவங்கதான். பொண்ணுங்க 1920கள்ல மெதுவா உள்ள வந்தாங்க, ரெண்டாம் உலகப்போருக்கு பசங்க கிளம்பினதும் இடம் முழுக்க பொண்ணுங்க கைக்கு வந்துடுச்சு. 1948ல டெக்சஸ்காரர் லாரன்ஸ் ஹெர்கிமர் நேஷனல் சியர்லீடர்ஸ் அசோசியேஷனை ஆரம்பிச்சார், சம்மர் கேம்ப் போட்டார், கையில பிடிச்சு ஆட்டுற பாம்பாம் குஞ்சம் வித்தார், அதுக்கு பேட்டண்ட்டும் வாங்கினார். அவர்கிட்ட வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974ல வெளிய வந்து தனியா யுனிவர்சல் சியர்லீடர்ஸ் அசோசியேஷன் (யூசிஏ) ஆரம்பிச்சார், அது வளர்ந்து வார்சிட்டி ஸ்பிரிட்னு பெரிய கம்பெனி ஆச்சு. கேம்ப், யூனிஃபார்ம், போட்டி மூணுமே தனியார் கையில வளர்ந்துச்சு. அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏ இதை கையில எடுத்துக்கவே இல்ல. (ஹெர்கிமர் ஆரம்பிச்சது என்சிஏ, காலேஜ் விளையாட்டை நடத்துறது என்சிஏஏ. பொண்ணு பேசும்போது குழப்பிக்காதீங்க.)

ஜிம்னாஸ்டிக்ஸ் வந்த பாதை வேற. 1972ல டைட்டில் நைன் சட்டம் வந்துச்சு, அரசாங்க பணம் வாங்குற எந்தக் கல்வி நிறுவனமும் பொண்ணுங்களுக்கு பாரபட்சம் காட்டக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் பொண்ணுங்க டீம் கட்ட வேண்டிய கட்டாயம் வந்தப்போ ஜிம்னாஸ்டிக்ஸ் முறையான விளையாட்டா உள்ள போயிடுச்சு. 1975ல யூட்டா யுனிவர்சிட்டியில கிரெக் மார்ஸ்டன் டீம் ஆரம்பிச்சு 2015 வரைக்கும், நாற்பது வருஷம் ஒரே நாற்காலியில இருந்து பத்து நேஷனல் டைட்டில் ஜெயிச்சார். 1982ல என்சிஏஏ முதல் முறையா பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் நடத்தினப்போ ஜெயிச்சதும் அவர் டீம்தான். இப்ப அந்த யுனிவர்சிட்டி இருக்கிற சால்ட் லேக் சிட்டியில ஒரு சாதாரண மீட்டுக்கு (போட்டிக்கு) பத்தாயிரம் பேருக்கு மேல வந்து உக்காருறாங்க. அலபாமால சாரா பேட்டர்சன் 1978ல இருந்து 2014 வரைக்கும் கோச், ஆறு டைட்டில். ஜார்ஜியால சூசன் யோக்குலன் பத்து, அதுல கடைசி அஞ்சும் வரிசையா 2005ல இருந்து 2009 வரை. எவ்வளவு நாள் ஓடும்னு கேட்டீங்களே, இந்த ஆளுங்க எல்லாம் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரே வேலையில இருந்தவங்க.

சியர் ஒரு விளையாட்டா இல்லையாங்கிறது கோர்ட் வரைக்கும் போயிருக்கு. கனெக்டிகட்ல குயினிப்பியாக் யுனிவர்சிட்டி 2009ல பெண்கள் வாலிபால் டீமை மூடிட்டு அதுக்கு பதிலா போட்டி சியர் டீமை கணக்குல காட்டப் பார்த்துச்சு. வாலிபால் பொண்ணுங்களும் கோச்சும் கேஸ் போட்டாங்க. 2010ல ஃபெடரல் ஜட்ஜ் சொன்னது, சியர் இன்னும் டைட்டில் நைன் கணக்குல விளையாட்டா எடுத்துக்கிற அளவுக்கு ஒழுங்கமைப்போட வளரலன்னு. 2012ல மேல்முறையீட்டு கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. அந்தத் தீர்ப்பு சியர் பொண்ணுங்களோட உழைப்பை குறைச்சு சொல்லல, கட்டமைப்பைத்தான் சொல்லுச்சு. ஆனா அதோட பாதிப்பு நேரா கோச் சம்பளத்துல தெரியும். விளையாட்டா கணக்குல வராத டீமுக்கு ஸ்காலர்ஷிப் கட்டாயம் இல்ல, காயம் பார்க்கிற அத்லெட்டிக் ட்ரெய்னர் கட்டாயம் இல்ல, முழுநேர கோச் கட்டாயம் இல்ல.

சம்பளத்துக்கு வர்றேன். அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2023 மே மாசத்துக்கு போட்ட கணக்குல எல்லா விளையாட்டு கோச், ஸ்கவுட் சேர்த்து நடு சம்பளம் வருஷத்துக்கு 45,910 டாலர். டல்லாஸ்ல ஃப்ரெஷ்ஷா சேர்ற ஒரு சாஃப்ட்வேர் பிள்ளை இதைவிட அதிகமா வாங்கும், அதை மறைக்க வேண்டியதில்ல, அப்பாவோட கவலை நியாயமானது. ஆனா நடு சம்பளம்ங்கிறது இந்தத் தொழில்ல பாதி கதையைத்தான் சொல்லும், ஏன்னா மேலயும் கீழயும் இழுத்துப் பிடிச்ச மாதிரி இடைவெளி. பெரிய கான்ஃபரன்ஸ்ல (யுனிவர்சிட்டிகள் சேர்ந்து மோதுற குழு) இருக்கிற யுனிவர்சிட்டியில ஜிம்னாஸ்டிக்ஸ் ஹெட் கோச்சா இருந்தா லட்சம் டாலருக்கு மேல சாதாரணமா போகும். பகுதிநேர சியர் கோச்சுக்கு அந்த வருமானத்துல மட்டும் வாடகை கட்ட முடியாது, ஜிம்ல க்ளாஸ், சம்மர்ல கேம்ப், ஸ்கூல் டீமுக்கு கோரியோகிராஃபி, இப்படி நாலு இடத்துல இருந்து சேர்த்துத்தான் ஓட்டுவாங்க. நானும் அப்படித்தான் ஓட்டுறேன், பிடிச்சு ஓட்டுறேன்.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா ஃப்ளிப் சொல்லிக் கொடுக்கிறதுதான் வேலைன்னு நினைச்சு நிறைய பேர் வர்றாங்க.

காலேஜ் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒலிம்பிக்ஸ் மாதிரி கிடையாது. இங்க இன்னும் பத்துக்கு பத்து மார்க் முறை இருக்கு. வால்ட் (ஓடி வந்து தாண்டுறது), பார்ஸ் (கம்பி), பீம் (ஒல்லியான கட்டை), ஃப்ளோர் (தரை)னு நாலு ஐட்டம், ஒவ்வொண்ணுலயும் ஆறு பேர் இறங்குவாங்க, அதுல மேல வர்ற அஞ்சு மார்க் மட்டும் கணக்கு. அப்ப முழு மார்க் 200, நல்ல டீம் 197, 198ல நிக்கும். லேண்டிங்ல ஒரு சின்ன ஸ்டெப் வெச்சா 0.1 மார்க் வரைக்கும் போகும், கீழ விழுந்தா அரை மார்க். ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் மீட். அதனால கோச்சோட பெரிய முடிவு வாராவாரம் யார் அந்த ஆறு பேர், எந்த வரிசையில. முதல்ல இறங்குறவ விழாம பண்ணணும், கடைசியில இறங்குறவ பெரிய மார்க் அடிக்கணும், நடுவுல ஒருத்தி விழுந்துட்டா அடுத்து பீம்ல ஏறுற பொண்ணோட மனசு நடுங்காம இருக்கணும். முழங்கால் வலிக்குதுன்னு சொல்லாம மறைக்கிற பொண்ணை கண்டுபிடிக்கணும். யுர்சென்கோ ஃபுல்னு ஒரு முழு சுத்து சுத்துற வால்ட் பண்ணினா ஆரம்ப மதிப்பே 9.95தான், இன்னொரு அரை சுத்து கூட சுத்தினா 10. அந்த அரை சுத்துக்கு அந்தப் பொண்ணோட முழங்கால் தாங்குமா, தாங்காதா? அந்தக் கணக்குக்கு பேப்பர்ல விடை இருக்காது, தினமும் அவ ஓடி வர்ற விதத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு அது.

இந்த இடத்துல உங்க வீட்ல சொல்ல வேண்டிய ஒருத்தங்க வேலரி காண்டோஸ் ஃபீல்ட். யூசிஎல்ஏல எல்லாரும் மிஸ் வேல்னு கூப்பிடுவாங்க. அவங்க பாலே டான்ஸர், ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணினவங்களே இல்ல. கோரியோகிராஃபி பண்ண வந்து, 1991ல ஹெட் கோச் ஆகி, 2019ல ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஏழு நேஷனல் டைட்டில். கேட்லின் ஓஹாஷி 2019 ஜனவரியில ஃப்ளோர்ல பத்துக்கு பத்து வாங்கின வீடியோ உலகம் முழுக்க சுத்துச்சே, அது அவங்க டீம்தான். நம்ம ஆளுங்களுக்கு ஆர்வமா இருக்கும், மோகினி பரத்வாஜ்னு இந்திய அப்பாவுக்கு பிறந்த பொண்ணு இதே யூசிஎல்ஏல மிஸ் வேல்கிட்ட வளர்ந்தவங்க, 2004 ஏதென்ஸ்ல அமெரிக்க டீமோட கேப்டனா வெள்ளி வாங்கினாங்க. அந்த ஒலிம்பிக்ஸுக்கு தயாராகுறப்போ கைல காசில்லாம தவிச்சிருக்காங்க, நடிகை பமேலா ஆண்டர்சன் பணம் கொடுத்து உதவினாங்க. அதுக்கப்புறம் மோகினியும் ஒரேகான்ல கோச்சிங் பக்கம் வந்தாங்க. நம்ம குடும்பப் பேர் வெச்ச பொண்ணுங்களுக்கு இந்த உலகத்துல இடமில்லன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

சியர் பக்கம் பார்க்கணும்னா நீங்க தூரம் போக வேண்டாம், வீட்ல இருந்து தெற்கால ஒரு மணி நேர ட்ரைவ்ல கார்சிக்கானா. அங்க இருக்கிற நவாரோ காலேஜ், ரெண்டு வருஷ காலேஜ்தான், ஆனா 2020ல நெட்ஃபிளிக்ஸ் சீரீஸ் வந்தப்போ உலகத்துக்கே தெரிஞ்சுது. அங்க 1995ல கோச்சா சேர்ந்த மோனிகா அல்டாமா படிச்சது ஆஸ்டின்ல ஃபைனான்ஸ். அப்பாகிட்ட இதை கண்டிப்பா சொல்லுங்க, அப்புறம் எம்பிஏவும் முடிச்சவங்க. பத்து டைட்டிலுக்கு மேல அடிச்சு அந்த டீமை எங்கயோ கொண்டு போயிட்டாங்க. பக்கத்துல ஏதென்ஸ்னு ஒரு ஊர், அங்க டிரினிட்டி வேலி காலேஜ், ரெண்டு டீமும் வருஷா வருஷம் ஃப்ளோரிடா டேட்டோனா பீச்ல மோதுவாங்க. நாற்பது பேர் கிட்ட டீம்ல இருப்பாங்க, மேட்ல இறங்குறது இருபது பேர். ரொட்டீன் 2 நிமிஷம் 15 செகண்ட். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் ஒரு வருஷ உழைப்பு அந்த 2 நிமிஷம் 15 செகண்டுக்குத்தான், மேல தூக்கின ஒரு ஃப்ளையர் கீழ வந்தா அத்தனையும் போச்சு. அந்த நாற்பது பேர்ல யாரை விடுறது, யாரை எடுக்கிறது, விட்ட பிள்ளையை எப்படி மறுநாள் ப்ராக்டீஸுக்கு வர வைக்கிறது, கோச்சோட தூக்கம் போற இடம் அதுதான்.

ஒருத்தியை தூக்கி நிறுத்துற ஸ்டண்ட் ஒண்ணை கிட்ட நின்னு பார்த்தா என்ன தெரியும்னு சொல்றேன். கீழ ரெண்டு பேஸ், ஆளுக்கு ஒரு பாதத்தை பிடிச்சிருப்பாங்க. பின்னாடி பேக்ஸ்பாட், கணுக்காலை பிடிச்சுக்கிட்டு தூக்க உதவி பண்ணுவா, விழுந்தா தலையையும் தோளையும் தாங்க வேண்டியவ அவதான். மேல ஃப்ளையர். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுன்னு கவுண்ட், எல்லாரும் ஒண்ணா முட்டி மடக்கி எழுந்திருக்கணும். கேலரியில உக்கார்ந்திருக்கிறவங்க எல்லாரும் மேல இருக்கிற பொண்ணோட சிரிப்பைப் பார்ப்பாங்க. கோச் பார்க்கிறது பேஸோட பாதத்தை. பாதம் ஒரு அடி நகர்ந்தா மேல இருக்கிறவ இடுப்பு ஏற்கனவே ஒதுங்கிடுச்சுன்னு அர்த்தம், அதை பேஸ் துரத்திக்கிட்டு இருக்கா. அடுத்து முழங்கை. கை நேரா பூட்டாம லேசா மடங்கியிருந்தா எடை முழுக்க தோள்லயும் முதுகுலயும் இறங்கும், இன்னிக்கு தாங்கும், மூணாவது வாரத்துல முதுகு பிடிச்சுக்கும். அந்த நேரத்துல "கீழ இறக்கு"ன்னு சொல்ல ஒரு செகண்டுக்கும் குறைவான நேரம்தான் இருக்கு. இதைப் பார்க்கிற கண்ணு ஜிம்ல வருஷக்கணக்கா நின்னாத்தான் வரும்.

அதனாலதான் எதையும் படிப்படியா ஏத்துறது. முதல்ல இடுப்பு உயரம், அது சலிக்கிற அளவுக்கு நிலையா வந்தப்புறம் தோள் உயரம், அப்புறம் தலைக்கு மேல, முதல்ல ரெண்டு கால்ல, அப்புறம் ஒத்தக் கால்ல, அதுக்கும் அப்புறம்தான் தூக்கிப் போட்டு பிடிக்கிறது. இன்ஸ்டாகிராம்ல ஒரு வீடியோ பார்த்துட்டு வந்து "கோச், இதை இன்னிக்கு ட்ரை பண்ணலாமா"ன்னு கேக்காத டீம் கிடையாது. பிள்ளைங்க கேக்கும், அது அவங்க வயசு. முடியாதுன்னு சொல்லிட்டு, ஏன் முடியாதுன்னு விளக்கி, அதுக்கு என்னென்ன முதல்ல வரணும்னு வழியையும் காட்டுறவங்கதான் கோச். என்னைக் கேட்டா இந்தத் தொழில்ல ரொம்ப மதிப்புள்ள திறமை இதுதான்.

காயம் பத்தி பூசி மெழுக எனக்கு இஷ்டமில்ல. நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில 1982ல இருந்து விளையாட்டுல நடக்கிற மோசமான காயங்களை கணக்கெடுத்த ஆராய்ச்சி மையம், பொண்ணுங்களுக்கு ஸ்கூல், காலேஜ்ல நடந்த அந்த மாதிரி காயங்கள்ல பாதிக்கு மேல சியர்லீடிங்ல வந்ததுன்னு சொல்லியிருக்கு. தலை, கழுத்து, முதுகுத்தண்டு. 2006 மார்ச்ல செயின்ட் லூயிஸ்ல ஒரு பாஸ்கெட்பால் ஃபைனல் நடுவுல சதர்ன் இல்லினாய் யுனிவர்சிட்டி சியர்லீடர் ஒருத்தி பிரமிட் மேல இருந்து தலைகீழா விழுந்தா, கழுத்து எலும்புல முறிவு. ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போறப்போ பேண்ட் டீம் பாட்டு வாசிச்சதும் படுத்தபடியே கை அசைச்சு ஆடினா, டிவியில அதைப் போட்டு போட்டு கொண்டாடினாங்க. அந்தப் பொண்ணோட தைரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு கோச்சா அதைப் பார்த்தா வயித்தைப் பிசையும், கழுத்துல அடிபட்ட பிள்ளை அசையவே கூடாது. அதுக்கப்புறம்தான் மரத்தரையில மேட் இல்லாம பிரமிட் கட்டுறது, பாஸ்கெட் டாஸ் (ஆளை உயர தூக்கிப் போட்டு பிடிக்கிறது) போடுறது எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இறுகிச்சு, பாதுகாப்பு சான்றிதழ் வாங்கின கோச் மேற்பார்வையில இருக்கணும்னு வந்துச்சு. இன்னிக்கு விதிகள் நல்லா இருக்கு. ஆனா மழை பெஞ்ச புல்தரையில ஹாஃப்டைம்ல பெரிய பிரமிட் கேக்கிற ஆளுங்க எப்பவும் இருப்பாங்க, அப்ப டீமுக்கு முன்னாடி நின்னு முடியாதுன்னு சொல்ல வேண்டியது அந்த கோச் மட்டும்தான். பகுதிநேர சம்பளம் வாங்குற கோச்சுக்கு அப்படி சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. சம்பளமும் பாதுகாப்பும் தனித்தனி விஷயம் இல்லன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான்.

உடம்புக்கு வெளியில இருக்கிற பாதுகாப்பும் கோச் பொறுப்புதான். லாரி நாசர் விவகாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி டாக்டர், வருஷக்கணக்கா பொண்ணுங்களை பாலியல் கொடுமை பண்ணினவன், 2018 ஜனவரியில மிச்சிகன் கோர்ட் அவனுக்கு நீண்ட சிறைத்தண்டனை கொடுத்துச்சு. அதே வருஷம் பிப்ரவரியில புது ஃபெடரல் சட்டம் வந்துச்சு, சந்தேகம் வந்தாலே உடனே புகார் கொடுக்கணும்னு அமெச்சூர் விளையாட்டு அமைப்புகள்ல வேலை பார்க்கிற பெரியவங்களுக்கு கட்டாயமாச்சு. இப்ப சேஃப்ஸ்போர்ட் ட்ரெய்னிங் (இந்த மாதிரி கொடுமையைத் தடுக்கிற பயிற்சி), பேக்ரவுண்ட் செக் இல்லாம யாரும் முறையான ஜிம்ல கால் வைக்க முடியாது, அது ரொம்ப நல்லது. கோச் கண்ணை மூடிக்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு சியர்லயும் உதாரணம் இருக்கு: இருபதுக்கும் மேல நேஷனல் டைட்டில் வெச்சிருக்கிற கென்டக்கி யுனிவர்சிட்டி, 2020 மே மாசம் சியர் கோச் நாலு பேரையும் ஒரே நாள்ல நீக்குச்சு. டீம் வெளியூர் போன இடத்துல நடந்த ராகிங், குடி மாதிரி விஷயங்களை சரியா கண்காணிக்கலங்கிறது விசாரணையில வந்த முடிவு. எத்தனை கோப்பை இருந்தாலும் அது காப்பாத்தல, காப்பாத்தவும் கூடாது.

எடை விஷயமும் இப்படித்தான். எல்லார் முன்னாடியும் எடை பார்க்கிறது, ஃப்ளையரை சாப்பிடாதேன்னு சொல்றது, இதெல்லாம் ஒரு காலத்துல சகஜம். இப்பவும் அப்படி ஒரு கோச்கிட்ட உங்க பொண்ணு அசிஸ்டெண்ட்டா சேர்ந்தா, சீக்கிரம் வேற இடம் பார்க்கச் சொல்லுங்க, அந்தப் பழக்கம் தொத்திக்கும்.

இப்ப நல்ல செய்தி. அந்த குயினிப்பியாக் தீர்ப்புக்கு அப்புறம் இந்த உலகம் சும்மா இருக்கல. சியர்ல இருக்கிற திறமைகளை எடுத்து, கோஷமும் பாம்பாமும் இல்லாம, நேருக்கு நேர் மோதுற விளையாட்டா ரெண்டு வடிவம் வந்துச்சு. ஒண்ணு அக்ரோபேட்டிக்ஸ் அண்ட் டம்ப்ளிங், 2020ல என்சிஏஏ வளர்ந்து வர்ற பெண்கள் விளையாட்டு பட்டியல்ல சேர்த்துச்சு. இன்னொண்ணு ஸ்டண்ட்னே பேர், நாலு குவார்ட்டரா ஆடுவாங்க, பார்ட்னர் ஸ்டண்ட், பிரமிட், டம்ப்ளிங், கடைசியில முழு டீம் ரொட்டீன், 2023ல அதுவும் அந்தப் பட்டியல்ல வந்துடுச்சு. இதுல ஃபெலிசியா மல்கினு ஒரு கோச், ஒரேகான்ல 2011ல இருந்து நாலு வருஷம் வரிசையா ஜெயிச்சு, அங்க இருந்து டெக்சஸ் பேலர் யுனிவர்சிட்டிக்கு வந்து 2015ல இருந்து டைட்டிலா அடுக்கிக்கிட்டே இருக்காங்க. பேலர் இருக்கிற வேக்கோ உங்களுக்கு பக்கம், ஒரு மீட்டுக்கு பொண்ணையும் அப்பாவையும் சேர்த்து கூட்டிட்டுப் போங்க. உங்க பொண்ணு மாதிரி ஜிம்னாஸ்டிக்ஸும் சியரும் ரெண்டும் தெரிஞ்ச பிள்ளைக்கு இந்த நடுப்பாதைதான் எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுக்குது, ஏன்னா இங்க சியர் திறமையோட வேலை, வார்சிட்டி கோச் அந்தஸ்தோட சம்பளம், புதுசு புதுசா டீம் ஆரம்பிக்கிறதால கோச் தேவையும் இருக்கு.

ஜிம்னாஸ்டிக்ஸ்ல இடம் ரொம்ப குறைச்சல், அதையும் தெரிஞ்சுக்கணும். என்சிஏஏவோட மேல்மட்டமான டிவிஷன் ஒன்ல பெண்கள் டீம் அறுபது சொச்சம்தான், ஒரு டீமுக்கு நாலஞ்சு கோச், ஒருத்தங்க உக்கார்ந்தா முப்பது வருஷம் எழுந்திருக்க மாட்டாங்கன்னு மேலயே பார்த்தீங்க. ஆண்கள் டீம் நாடு முழுக்க ஒரு டஜன் சொச்சம்தான் மிச்சம். 2020ல அயோவாவும் மினசோட்டாவும் கொரோனா நேர பட்ஜெட்டை காரணம் சொல்லி ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸை மூடுறதா அறிவிச்சாங்க, மினசோட்டா டீமுக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு. 2025 ஜூன்ல, காலேஜ்ல விளையாடினவங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் கேஸோட சமரசம் கோர்ட்ல ஓகே ஆனதுக்கு அப்புறம் காலேஜ்கள் விளையாடுற பிள்ளைங்களுக்கு நேரடியா பணம் கொடுக்கலாம், அதுல பெரும்பங்கு ஃபுட்பாலுக்குப் போகும், அதனால சின்ன விளையாட்டுகளோட பட்ஜெட் எப்படி போகும்னு எல்லாரும் கவலையோட பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதே சமரசத்துல பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 12 ஸ்காலர்ஷிப்ங்கிற பழைய உச்சவரம்பு போய் 20 பேர் டீம்னு ஆயிருக்கு, காசு இருக்கிற யுனிவர்சிட்டிக்கு அது வசதி, இல்லாத இடத்துக்கு எதுவும் மாறல. அதோட 2021ல இருந்து பிள்ளைங்க தங்களோட பேரை வெச்சு விளம்பரம் பண்ணி சம்பாதிக்கலாம், ட்ரான்ஸ்ஃபர் பண்றதும் சுலபம். இப்ப கோச் பாதி நேரம் ரெக்ரூட்டிங் ஃபோன்லதான் இருக்காங்க.

எப்படி உள்ள போறதுன்னா, நான் பார்த்த வரைக்கும் வழி இப்படித்தான். இப்பவே பக்கத்து ஜிம்ல சின்னப் பிள்ளைங்க க்ளாஸ் எடுக்க சேரட்டும். நாலு வயசுப் பிள்ளைக்கு ஃபார்வர்ட் ரோல் சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இருபது வயசுப் பொண்ணுக்கு டபுள் பேக் சொல்லிக் கொடுக்க பொறுமை வரும். ஸ்பாட்டிங், அதாவது பல்டி அடிக்கிற பிள்ளையை தாங்கிப் பிடிக்கிறது, கையில வரணும், பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்குக்கு ஒரு கை கீழ் முதுகுல, ஒரு கை தொடைக்குப் பின்னாடி, எப்ப தாங்கணும், எப்ப விடணும்னு கைக்கே தெரியணும். பதினெட்டு வயசு ஆனதும் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் ப்ரொஃபெஷனல் மெம்பர்ஷிப், சியருக்கு யுஎஸ்ஏ சியர் சான்றிதழ், சிபிஆர் முதலுதவி பயிற்சி. காலேஜ்ல டீம்ல இருந்துக்கிட்டே சம்மர்ல என்சிஏ, யூசிஏ கேம்ப்ல இன்ஸ்ட்ரக்டரா போகலாம், அவங்க காலேஜ் சியர்லீடர்ஸைத்தான் எடுப்பாங்க, அங்கதான் நாடு முழுக்க இருக்கிற கோச்சுங்க முகம் பழகும், பின்னாடி வேலை கிடைக்கிறது பெரும்பாலும் அந்தப் பழக்கத்துலதான். டிகிரி கினீசியாலஜியோ (உடம்பு அசைவு பத்தின படிப்பு) ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மெண்ட்டோ எடுக்கலாம், ஆனா அப்பா சொல்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் கோச் ஆக எந்தத் தடையும் இல்ல, டீம்ல இருக்கிறதுதான் முக்கியம், அல்டாமா ஃபைனான்ஸ் படிச்சதை மறக்காதீங்க. வீட்ல சண்டையை முடிக்க இது ஒரு நல்ல வழின்னு எனக்குத் தோணுது. டிகிரி முடிச்சதும் கிராஜுவேட் அசிஸ்டெண்ட்டா ஒரு டீம்ல சேர்ந்தா பல இடத்துல மாஸ்டர்ஸ் ஃபீஸ் தள்ளுபடி, கொஞ்சம் ஸ்டைபெண்ட், கூடவே கோச்சிங் அனுபவம். அங்க இருந்து அசிஸ்டெண்ட், அப்புறம் ஹெட் கோச். ஊர் மாறத் தயாரா இருக்கணும், டல்லாஸ்லயே இருந்துக்கிட்டு இதெல்லாம் நடக்காது. முன்னெல்லாம் டிவிஷன் ஒன்ல வாலண்டியர் கோச்னு சம்பளமே இல்லாம வருஷக்கணக்கா ஓட்டுவாங்க, 2023ல அந்த வகையையே எடுத்துட்டாங்க, அது உங்க பொண்ணு காலத்துக்கு நல்லது.

ஒரு வேலை ஆஃபர் வர்ற அன்னிக்கு அவ என்ன கேக்கணும்னு இப்பவே சொல்லி வைக்கிறேன், இதை எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் யாருக்கு ரிப்போர்ட் பண்றேன், அத்லெட்டிக்ஸ் டைரக்டருக்கா, மார்க்கெட்டிங்குக்கா? ப்ராக்டீஸ்ல அத்லெட்டிக் ட்ரெய்னர் கூட இருப்பாங்களா, இல்ல ஃபோன்ல கூப்பிடணுமா? ப்ராக்டீஸ் எங்க நடக்குது, ஸ்ப்ரிங் ஃப்ளோர் இருக்கா, மேட் எத்தனை வருஷம் பழசு? ஒரு ஸ்டண்ட் இன்னிக்கு வேணாம்னு நான் சொன்னா அதை மாத்தச் சொல்ற அதிகாரம் வேற யாருக்காவது இருக்கா? ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டா? டீம் ட்ராவல் பட்ஜெட்டை காலேஜ் கொடுக்குதா, பிள்ளைங்க கார் கழுவி சேர்க்கணுமா? இதுல ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் பதில் சரியில்லன்னா சம்பளம் எவ்வளவு நல்லா இருந்தாலும் கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க.

மார்ச் மாசம் பேலர்ல ஹோம் மீட் இருக்கும், அட்டவணை அவங்க அத்லெட்டிக்ஸ் சைட்ல வரும். போயிட்டு வந்து அப்பா என்ன சொன்னார்னு எழுதுங்க, அடுத்து எந்த காலேஜுக்கு அப்ளை பண்ணலாம்னு பொண்ணோட ஸ்கில் லெவலை வெச்சு பேசலாம்.